பையனுக்குக் கர்ப்பப்பையா? பி.எம்.டி.எஸ். அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை அறுவை மருத்துவப் பிரிவில் செவிலியர் நான். விதை இறங்கவில்லை, குடலிறக்கம் என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். எப்போதாவது ஒரு பையனுக்கு, ஆபரேஷன் டேபிளில் வைத்துத்தான், உள்ளே சின்னதாக ஒரு கர்ப்பப்பை இருப்பது தெரியவரும். அன்றைக்கு வார்டு வாசலில் பெற்றோர் கேட்கிற கேள்விகள் எல்லாக் குடும்பத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் டாக்டர்கள் சொல்லக் கேட்டும் படித்தும் தொகுத்தவை. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்பதை அவனைச் சோதித்துப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

"உள்ள கர்ப்பப்பை இருக்குன்னு சொல்றாங்க சிஸ்டர். அப்ப இவன் பையன் இல்லையா?"

பையன்தான். குரோமோசோம் 46 எக்ஸ்-ஒய், ஆணுக்கு உரியதுதான். இருப்பது விதைகள், சினைப்பை கிடையாது. ஆண்குறி மற்ற பிள்ளைகளுக்கு இருப்பது போலவே இருக்கும். விதைகள் நன்றாக வேலை செய்தால் வயது வரும்போது மீசை முளைக்கும், குரல் உடையும். கூடுதலாக ஒரு சின்னக் கர்ப்பப்பையும் இரண்டு கருக்குழாய்களும் உள்ளே தங்கிவிட்டன, அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பெர்சிஸ்டன்ட் முல்லேரியன் டக்ட் சிண்ட்ரோம். சீட்டில் பி.எம்.டி.எஸ். என்று எழுதியிருப்பார்கள். அரிதானதுதான், ஆனால் புதிதல்ல. ஆண்களின் குடலிறக்கப் பைக்குள் கர்ப்பப்பை கிடந்ததை நில்சன் என்ற மருத்துவர் 1939-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

"ஆம்பளப் பிள்ளைக்கு இது எப்படி வந்துச்சு? மாசமா இருந்தப்ப நான் ஏதாவது தப்பா சாப்பிட்டேனா?"

இல்லை. இந்தக் கேள்வியை அம்மாக்கள் மட்டும்தான் கேட்கிறார்கள், அதுவும் தனியாகக் கூப்பிட்டு. நீங்கள் சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கருவில் ஏழு வாரம்வரை எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும். ஒரு ஜோடி ஆணுக்கான விந்துக்குழாயாக மாறக்கூடியது. இன்னொன்று முல்லர் குழாய், அது கர்ப்பப்பையாகவும் கருக்குழாயாகவும் மாறக்கூடியது. ஆண் கருவின் விதைகள் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து, எட்டாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள் முல்லர் குழாயைக் கரைத்துவிடும். பி.எம்.டி.எஸ். பிள்ளைகளில் அந்த ஹார்மோன் சுரப்பதில்லை, அல்லது சுரந்தாலும் அதை ஏற்கும் இடம் பழுதாக இருக்கிறது. அதனால் முல்லர் குழாய் கரையாமல் வளர்ந்துவிடுகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் குறை இல்லாததால் வெளியே எல்லாம் சரியாக அமைந்துவிடுகிறது.

இந்த இரண்டும் தனித்தனி வேலை என்பது பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற ஆய்வாளர் முயல் கருக்களில் செய்த சோதனைகளில் 1940-களின் கடைசியில் தெரிந்தது. விதையை எடுத்துவிட்டு டெஸ்டோஸ்டிரோன் மட்டும் வைத்தபோது ஆண் குழாய் நிலைத்தது, முல்லர் குழாயோ கரையவில்லை. அதைக் கரைக்க வேறொன்று வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தோமே, அதுல ஏன் தெரியல?"

கைக்குழந்தையின் கர்ப்பப்பை மிகச் சின்னது. விதை எங்கே என்று தேடுகிற ஸ்கேனில் அது கண்ணில் படாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிய வாய்ப்பு அதிகம், ஆனால் சாதாரணக் குடலிறக்கத்துக்கு யாரும் எம்.ஆர்.ஐ. எழுத மாட்டார்கள். டாக்டர் குடலிறக்கப் பையைத் திறந்து விதையை மெல்ல வெளியே இழுப்பார். கூடவே வெளிர்சிவப்பில், விரல் நுனி அளவு தடிப்பாக ஒன்று, பக்கத்தில் குழாயோடு எட்டிப் பார்க்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு விஷயம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பக்க விதை இறங்காமல், மறுபக்கம் குடலிறக்கம் இருப்பதுதான் அதிகம் பார்க்கும் வகை. இரண்டு விதையும் ஒரே பக்கம் வந்து நிற்பது இன்னொரு வகை. இரண்டுமே வயிற்றுக்குள், பெண்ணுக்குச் சினைப்பை இருக்கும் இடத்திலேயே தங்கிவிடுவது மூன்றாவது. அதுதான் அறுவைக்குக் கடினமானது.

"பெரியவனானா மாசா மாசம் ரத்தம் போகுமா?"

போகாது. மாதவிடாய்க்குச் சினைப்பை ஹார்மோன்கள் வேண்டும், இவனுக்குச் சினைப்பை இல்லை. ஆனால் இந்தக் கர்ப்பப்பைக்குக் கீழே உள்ள குழாய், புராஸ்டேட் பக்கத்தில் சிறுநீர்ப் பாதையோடு சேர்ந்திருக்கும். அதனால் வளர்ந்தபின் சிலருக்குச் சிறுநீரிலோ விந்திலோ ரத்தம் தெரியலாம், சிறுநீர்த் தொற்று வரலாம். அப்படி வந்தால் காட்ட வேண்டும்.

"ஆபரேஷன் நடுவுல டாக்டர் வெளிய வந்து 'கர்ப்பப்பை இருக்கு'ன்னாரு. எடுத்துடுங்கன்னு கையெழுத்து போட்டுடலாமா?"

வீட்டுக்காரர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஒருவர் அழுவார், ஒருவர் "இருக்கக் கூடாததுதானே, எடுத்துடுங்க" என்பார். என் கருத்தைக் கேட்டால், அந்த நிமிடத்தில் எடுக்கச் சொல்லாதீர்கள். அவசரம் எதுவும் இல்லை.

இப்படி எதிர்பாராமல் தெரியவந்தால் பொதுவாகச் சொல்லப்படும் வழி இதுதான்: உள்ளே இருப்பதைக் கவனமாகப் பார்த்துக் குறித்துக்கொள்வது, முடிந்தால் படம் எடுப்பது, விதைகளிலிருந்து சிறு துணுக்கு பயாப்சிக்கு அனுப்புவது, குடலிறக்கத்தைச் சரிசெய்து எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து மூடிவிடுவது. பரிசோதனை முடிவுகள் வந்தபின், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் செய்து பழகிய குழுவோடு உட்கார்ந்து பேசி, அடுத்த அறுவையைத் திட்டமிடலாம். பழகிய கை என்றால் விதையை அன்றைக்கே இறக்கி வைத்துவிடுவதும் உண்டு. ஆனால் கர்ப்பப்பையை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"மூடிட்டாங்க. இப்ப என்னென்ன டெஸ்ட்? விதையில துண்டு வெட்டுனா கெட்டுப் போகாதா?"

ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை முதலில். முடிவு வரச் சில வாரம் ஆகும், பொறுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விதை, மறுபக்கம் சரியாக உருவாகாத சுரப்பி என்று இருக்கும் வேறு நிலைகளும் உண்டு. விதைத் திசுவும் சினைப்பைத் திசுவும் சேர்ந்திருக்கும் நிலையும் உண்டு. உள்ளே பார்க்க அவையும் இதே போலத்தான் இருக்கும், ஆனால் சிகிச்சை வேறு. அதனால்தான் இந்தப் பரிசோதனையும் பயாப்சியும். எடுப்பது மிகச் சிறு துணுக்குதான், அதனால் விதை கெட்டுவிடாது.

ரத்தத்தில் ஏ.எம்.எச். அளவும் பார்ப்பார்கள். அறவே இல்லை என்றால் ஹார்மோனின் மரபணுவில் குறை, அது 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அளவு சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் அதை ஏற்கும் இடத்தின் மரபணுவில் குறை, அது 12-ஆம் குரோமோசோமில். இந்தப் பரிசோதனையைச் சிறு வயதிலேயே செய்துவிட வேண்டும். பருவம் வந்தபின் எல்லா ஆண்களுக்குமே ஏ.எம்.எச். இறங்கிவிடும், அப்புறம் முடிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"சரி, அடுத்த ஆபரேஷன்ல என்னதான் செய்வாங்க?"

முதல் வேலை விதைகளை விதைப்பைக்குள் இறக்கித் தைத்து நிறுத்துவது. ஆர்க்கிடோபெக்ஸி என்பார்கள். விதைக்கு உடம்புச் சூட்டைவிடக் குறைந்த சூடு வேண்டும், வயிற்றுக்குள் இருந்தால் விந்து உண்டாக்கும் செல்கள் வருடத்துக்கு வருடம் குறையும். பி.எம்.டி.எஸ். பிள்ளைகளுக்கு விதையைப் பிடித்து நிறுத்தும் நார் நீண்டு மெலிந்திருப்பதால் விதை முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் கூடுதல். விதை இறங்காத பிள்ளைகளுக்குப் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இதைச் செய்யச் சொல்வார்கள், இவனுக்கும் கணக்கு அதுதான். கர்ப்பப்பைக்கு அவசரமில்லை என்றேனே, அது விதைக்குப் பொருந்தாது. "வளர்ந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று ஊருக்குப் போய் ஏழு, எட்டு வயதில் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

"விதையை இறக்குறப்ப கூடவே கர்ப்பப்பையையும் முழுசா எடுத்துட்டா தொல்லை விட்டுதுல்ல?"

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விதையிலிருந்து விந்தைக் கொண்டுபோகும் விந்துக்குழாய், இந்தப் பிள்ளைகளில் தனியாக ஓடுவதில்லை. கர்ப்பப்பையின் பக்கச் சுவரை ஒட்டி, பல இடங்களில் அந்தச் சுவருக்குள்ளேயே புகுந்து, கீழே இறங்குகிறது. விதைக்கு ரத்தம் கொண்டுவரும் ஒரு சிறு தமனியும் அதோடுதான் வருகிறது. கர்ப்பப்பையை முழுசாக அறுத்து எடுத்தால் இவை இரண்டும் அறுபட வாய்ப்பு மிக அதிகம். அப்புறம் விதை சுருங்கிப் போகலாம். பிழைத்தாலும் விந்து வெளியே வர வழியிருக்காது.

விதை கீழே வராமல் கர்ப்பப்பை இழுத்துப் பிடிக்கிறது என்றால் நடுவழிகள் உண்டு. கர்ப்பப்பையை நட்டநடுவில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு பாதியும் தன் பக்கத்து விந்துக்குழாயோடும் விதையோடும் கீழே வரும், குழாய்க்குச் சேதமில்லை. மேல் பகுதியையும் கருக்குழாய்களையும் மட்டும் எடுத்துவிட்டு, விந்துக்குழாய் ஒட்டிய சுவரைப் பட்டையாக விட்டுவிடலாம். அப்படி விட்ட பட்டையின் உள்தோலை மட்டும் உரித்து எடுப்பதும் உண்டு, பின்னாளில் புற்று வரக்கூடியது அந்த உள்தோலில்தான் என்பதால். எது சரி என்பதை உள்ளே குழாய் ஓடும் விதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: "விந்துக்குழாயை எப்படிக் காப்பாத்தப் போறீங்க?"

"உள்ளயே விட்டா கேன்சர் வரும்னு கூகுள்ல போட்டிருக்கே?"

இரண்டு புற்றுநோயைக் குழப்பிக்கொள்கிறார்கள். விதையில் வருவது ஒன்று. இறங்காத விதை எவனுக்கு இருந்தாலும் அந்த ஆபத்து உண்டு. பி.எம்.டி.எஸ். உள்ள வயது வந்தவர்களில் 18 சதவீதம் என்ற கணக்கு பல கட்டுரைகளில் வருகிறது. மிச்சமிருக்கும் கர்ப்பப்பைத் திசுவில் வருவது இன்னொன்று. அது முன்பு மிக அரிது என்று கருதப்பட்டது, பிறகு வெளியான கேஸ்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 3 முதல் 8 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கட்டி வந்ததால்தான் பல பேருக்கு இந்த நிலையே தெரியவந்தது, அப்படிப்பட்ட கேஸ்கள்தான் பத்திரிகைக்கும் போகும். ஆகவே உண்மையான ஆபத்து இந்த எண்களைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு.

இதனால்தான் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒரு கட்சி, குழாயைச் சேதப்படுத்தாமல் எடுக்க முடிந்த அளவு எடுத்துவிடு என்கிறது. இன்னொரு கட்சி, தொல்லை தராதவரை தொடாதே, வருடா வருடம் ஸ்கேனில் பார்த்துக்கொள் என்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தொடர்ந்து செக்கப்புக்கு வர முடியாத குடும்பம் என்றால் முதல் வழி பொருத்தமாகலாம். அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

"ரெண்டு விதையும் ஒரே பக்கம் வந்துடுச்சாம். ரெண்டையும் அங்கயே வச்சுத் தச்சிடுவாங்களா?"

இல்லை. விதைப்பைக்கு நடுவே ஒரு தடுப்பு உண்டு. அதில் சிறு ஓட்டை போட்டு, ஒரு விதையை அந்த வழியாக மறுபக்கத்துக்கு அனுப்பித் தைத்துவிடுவார்கள். விந்துக்குழாயும் ரத்தக்குழாயும் வந்த பாதையிலேயே இருக்கும், விதை மட்டும் அடுத்த அறைக்குப் போகும். மேலே சொன்ன மூன்று வகைகளில் இதுதான் பெரும்பாலும் சுலபமாக முடிவது, விதைகள் ஏற்கெனவே கீழே வந்துவிட்டதால்.

"விதை ரொம்ப மேல இருக்கு, ரத்தக்குழாயை வெட்டித்தான் இறக்கணும்னு சொல்றாங்க. பயமா இருக்கு."

விதையின் முக்கிய ரத்தக்குழாய் குட்டையாக இருந்தால் அதை வெட்டிவிட்டு, விந்துக்குழாயோடு வரும் சிறு தமனியை நம்பி இறக்கும் முறை ஒன்று உண்டு. ஃபவுலர், ஸ்டீவன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1959-இல் விவரித்தது. சாதாரணமாக விதை இறங்காத பிள்ளைகளுக்கு நன்றாகவே உதவுகிறது, பல நேரம் ஆறு மாத இடைவெளியில் இரண்டு கட்டமாகச் செய்வார்கள். ஆனால் இங்கே அந்தச் சிறு தமனி கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. அதனால், ஒரே பிள்ளைக்கு முக்கியக் குழாயையும் வெட்டி, கர்ப்பப்பையையும் எடுப்பது இரண்டு பக்கமும் கையை விட்ட கதையாகிவிடும். உங்கள் பயம் நியாயமானது. டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

"லேப்ராஸ்கோப்பியா, திறந்து செய்யறதா?"

உள்ளே பார்ப்பதற்கு லேப்ராஸ்கோப்பிக்கு இணை இல்லை. தொப்புள் வழியாகக் கேமரா போனால் கர்ப்பப்பை, இரண்டு விதை, குழாய் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அதன்பின் வேலையை எப்படி முடிப்பது என்பது கையைப் பொறுத்தது. தழும்பின் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் வீட்டுல என்ன பாத்துக்கணும்?"

மயக்க மருந்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும்: தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், பசும்பால், பவுடர் பால், இட்லி என்றால் 6 மணி நேரம். "பசிக்கு அழுதான், ஒரு வாய்தான் குடுத்தேன்" என்று பாட்டி சொல்லி ஆபரேஷன் தள்ளிப்போவது அடிக்கடி நடக்கிறது. இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் முதல் நாளே கழற்றிவிடுங்கள். தியேட்டரில் ரத்தத்தை நிறுத்தக் கரண்டு கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. கறுப்புக் கயிறும் தையல் மேல் உராயும், காயம் ஆறியபின் கட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போனபின் முக்கியமானது: பிள்ளையை இடுப்பில் தூக்கி வைக்காதீர்கள். கால் இரண்டும் விரிந்து, விதைப்பை உங்கள் இடுப்பில் அழுந்தும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை தோளில் சாய்த்தோ கையில் ஏந்தியோ தூக்குங்கள். மூன்று சக்கர சைக்கிள், ஆடும் மரக்குதிரை எல்லாம் அதுவரை ஓரமாக இருக்கட்டும். காய்ச்சல், சீழ், அதிகமாகும் வீக்கம் என்றால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து விதையின் அளவைப் பார்க்கும் செக்கப்பைத் தவற விடாதீர்கள், விதை பிழைத்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

"இவனுக்குக் கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டா?"

கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை. குழந்தை விஷயத்தில் ஆசை காட்டவும் மாட்டேன், கையை விரிக்கவும் மாட்டேன். இந்த நிலையோடு இயற்கையாகவே தகப்பனானவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. விதை நீண்ட நாள் மேலே இருந்தது ஒரு காரணம், விதைக்கும் விந்துக்குழாய்க்கும் இணைப்பே சரியாக அமையாதது இன்னொன்று. இணைப்பு இல்லாவிட்டாலும் விதைக்குள் விந்தணு இருந்தால் அதை நேராக எடுத்துச் சோதனைக்குழாய் முறையில் பயன்படுத்தலாம். விதை கெடாமல் இருந்தால்தான் அதற்கும் வழி.

"நாங்க சொந்தத்துல கட்டுனோம். அதனாலயா? அடுத்த குழந்தைக்கும் வருமா?"

மேலே சொன்ன மரபணுவின் பழுதான பிரதி அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் வந்தால்தான் இது வரும். ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்தவர்களிடம் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் மாமன் மகள், அக்கா மகள் கல்யாணங்களில் ஆபத்து கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில் நடந்தவை என்று வந்தது, ஆகவே இந்தக் கேள்விக்கு நம் ஊரில் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சொந்தமில்லாத பெற்றோருக்கும் இப்படிப் பிறக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டு பழுதும் சேர நான்கில் ஒரு வாய்ப்பு. பிறப்பது பெண் என்றால் கர்ப்பப்பை இருப்பது இயல்புதானே, இந்தத் தொல்லை அவளுக்கு இல்லை. ஆக ஆணா பெண்ணா என்று தெரியாத நிலையில் எட்டில் ஒன்று. ஏற்கெனவே பிறந்த அண்ணன் தம்பிகளையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சுமார் 85 சதவீதக் குடும்பங்களில் மேலே சொன்ன இரண்டு மரபணுக்களில் ஒன்றில் குறை கிடைத்துவிடுகிறது.

"இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஆபரேஷனே செய்யக் கூடாதுன்னு கோர்ட்டு தடை போட்டிருக்காமே?"

2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைபாலினக் குழந்தைகளுக்கு, அதாவது பிறக்கும்போதே ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்பு உள்ளவர்களுக்கு, ஆண் என்றோ பெண் என்றோ மாற்றும் அறுவை செய்யக் கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசும், உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர அப்படிச் செய்யத் தடை விதித்து ஆணை போட்டது. விதையை அதன் இடத்தில் இறக்குவதும் குடலிறக்கத்தைத் தைப்பதும் பாலினத்தை மாற்றுவது ஆகாது. ஆனாலும் குரோமோசோம் முடிவு வரும்வரை மருத்துவமனை காத்திருப்பதும், கமிட்டியில் வைத்துப் பேசுவதும் நடக்கும். அதை இழுத்தடிப்பு என்று நினைக்காதீர்கள். யோசிக்காமல் வெட்டிவிடக் கூடாது என்பதுதான் அந்த ஆணையின் கவலை, நான் மேலே கர்ப்பப்பை பற்றிச் சொன்னதும் அதேதான்.

"இவன்கிட்ட எப்ப சொல்றது? சொல்லாமலே விட்டுடலாமா?"

சொல்லாமல் விடாதீர்கள். பருவம் வந்தபின் மாதம் ஒருமுறை குளிக்கும்போது விதையைத் தடவிப் பார்க்க வேண்டியவன் அவன்தான், கட்டியோ கடினமோ தெரிந்தால் ஓடிவர வேண்டியவனும் அவன்தான். காரணம் தெரியாமல் எப்படிச் செய்வான்? சின்ன வயதில் "உனக்குக் கொட்டை இறங்கல, டாக்டர் இறக்கி வச்சாரு" என்பது போதும். பதின்ம வயதில் முழுசாகச் சொல்லலாம், டாக்டரை வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. சொந்தக்காரர்களுக்குக் "குடலிறக்க ஆபரேஷன்" என்றால் போதும், அதில் பொய் எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டு, பயாப்சி முடிவு, ஆபரேஷன் குறிப்பு மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். இருபது வருடம் கழித்து வேறொரு டாக்டருக்கு, உள்ளே எதை விட்டுவைத்தார்கள் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

"என் தம்பிக்கு 34 வயசு. குழந்தை இல்லைன்னு டெஸ்ட் எடுக்கப் போய் இது தெரிஞ்சுது. ரெண்டு விதையும் வயித்துக்குள்ள. இப்ப என்ன செய்யறது?"

எம்.ஆர்.ஐ. எடுத்து விதைகளின் நிலையைப் பார்ப்பார்கள், கட்டி உண்டா என்று அறிய ரத்தப் பரிசோதனைகளும் செய்வார்கள். இந்த வயதில் வயிற்றுக்குள் இருக்கும் விதையை இறக்கி வைக்க முடிந்தால், தொட்டுப் பார்த்துக் கண்காணிக்கவாவது முடியும். இறக்க முடியாவிட்டால் புற்றுநோய் பயத்தால் எடுத்துவிடச் சொல்வதுதான் வழக்கம். இரண்டையும் எடுத்தால் ஆயுள் முழுக்க டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பப்பையை எடுப்பதா என்பதற்கு, ரத்தம் போகிறதா, நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

குழந்தை ஆசை இருந்தால் விதையை எடுக்குமுன்பே சொல்லிவிட வேண்டும். விந்தணு இருக்கிறதா என்று தேடி, கிடைத்தால் உறைய வைத்துக்கொள்ளலாம். அப்புறம், "ஆண்மை கூடும்" என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் இந்தத் தேடல் முடியும்வரை போட்டுக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து ஊசி போனால் விதை தன் பங்குக்கு விந்தணு உண்டாக்குவதை நிறுத்திவிடும்.